குட்டியை இழந்த குதிரைக்கு மாட்டு வைத்தியம் உதவாது

மரக்காணம் உப்பளங்களில் தொடங்கிக் கோட்டக்குப்பம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் மாடு பார்க்கத் தெரியாத குடும்பம் குறைவு. குதிரை வைத்திருப்பவர்களோ சிலர்தான். கல்யாண ஊர்வலத்துக்கு, சவாரிக்கு, சும்மா ஆசைக்கு என்று வாங்கியவர்கள் அவர்கள். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் நல்ல மார்வாரி இனக் குதிரையாகப் பார்த்துப் பிடித்து வருபவர்களும் உண்டு. அந்தக் குதிரை சினைப்பட்டு, பதினொரு மாதம் சுமந்து ஈன்ற குட்டி செத்துப்போனால், கூடி நிற்பவர்கள் சொல்லும் யோசனை எல்லாம் பசுவிடம் கற்றதாகவே இருக்கும். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த யோசனை குட்டியோடு சேர்த்துத் தாயையும் கொண்டுபோய்விடக்கூடும்.

குதிரை வைத்தியம் தெரியாத இந்தக் குறை புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தமிழ்க் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கப்பலில் வரவழைப்பதையும், பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் அவற்றில் பெரும்பாலானவை இறந்துபோவதையும் எழுதியிருக்கிறார். வைத்தியம் தெரிந்தவர்களைக் குதிரை வணிகர்கள் இங்கே வரவிடுவதில்லை என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை! நம் ஊரில் கால்நடை அறிவு என்பது பெரும்பாலும் மாட்டறிவாகவே வளர்ந்ததற்கு இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் நஞ்சுக்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பசு கன்று போட்டபின் நஞ்சுக்கொடி விழ அரை நாள் ஆனாலும் நாம் பதறுவதில்லை. குதிரைக்கு அந்த அவகாசம் கிடையாது. மூன்று மணி நேரத்துக்குள் விழவில்லை என்றால் அது அவசர நிலை. உள்ளே தங்கிய துண்டு அழுகி, நஞ்சு ரத்தத்தில் கலந்தால் கருப்பை புண்ணாவதோடு நிற்காது. குளம்புக்குள் இருக்கும் சதை வீங்கி, குதிரை நிற்க முடியாமல் படுத்துவிடும். குளம்பு சுடுவது, எட்டு வைக்கத் தயங்குவது, முன்னங்காலின் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி நிற்பது ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பல குதிரைகளைக் காப்பாற்ற முடிவதில்லை. தொங்கும் கொடியைக் கையால் இழுப்பதும், கல்லைக் கட்டிவிடுவதும், அறுப்பதும் கூடவே கூடாது. இழுத்தால் கருப்பை கிழியலாம், வெளியே தள்ளலாம், உதிரம் நிற்காமல் போகலாம். காலில் மிதிபடாதபடி அதை மேலே தூக்கி முடிந்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கொடியை இறக்க ஊசி மருந்து இருக்கிறது.

விழுந்த கொடியை மாட்டுக்குச் செய்வதுபோல வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிடாதீர்கள், புதைத்துவிடவும் வேண்டாம். மூடியுள்ள ஒரு வாளியில் போட்டு நிழலில் வையுங்கள். மருத்துவர் அதை விரித்துப் பார்த்தால்தான் நுனி ஏதாவது அறுந்து உள்ளேயே நின்றுவிட்டதா என்று தெரியும். குட்டி ஏன் செத்தது என்பதற்கான தடயமும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். குட்டியின் உடலையும் கொடியையும் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். சினைக் கலைப்புக்குக் காரணமான சில கிருமிகள் மனிதருக்கும் தொற்றும்.

அடுத்தது பால். கன்று செத்த பசுவுக்கு வைக்கோல் திணித்த தோல் கன்றைக் காட்டிப் பால் கறப்பது நம் வழக்கம். அங்கே பால் வேண்டும், அதனால் கறக்கிறோம். குதிரைக்கோ மடியை வற்றவைக்க வேண்டும். மடி கனத்துத் தெறிப்பதைப் பார்த்து, பாவமென்று ஒட்டக் கறந்துவிட்டால் மறுபடியும் ஊறும். மடியில் சேரும் அழுத்தம்தான் சுரப்பை நிறுத்தும். கொள்ளையும் தவிட்டையும் சில நாள் குறைத்து, உலர்ந்த புல்லும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்து, மருத்துவர் சரி என்றபின் மெல்ல நடக்கவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் மடி தானாக வற்றும். மடி ஒரு பக்கம் மட்டும் கல்லாக இறுகினாலோ, தொட்டதும் உதைத்தாலோ அது மடிநோயாக இருக்கலாம்.

குட்டியின் உடலை உடனே இழுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். தொற்றுநோய் சந்தேகம் இல்லையென்றால் சில மணி நேரம் தாயிடமே விடுங்கள். அது மோந்து பார்க்கும், காலால் தட்டும், மெல்லக் கனைக்கும். பிறகு தானாகவே விலகிப் புல்லைத் தேடும். குட்டியின் உடலை உடனே பறிகொடுத்த குதிரை தேடி அலைவதும் கத்துவதும் அதிகம் என்று குதிரை வளர்ப்பவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் லாயத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும். அப்போது அதைத் தனியாக அடைக்கக் கூடாது. பழகிய இன்னொரு குதிரை பார்வையில் இருப்பதைவிடப் பெரிய ஆறுதல் அதற்கு இல்லை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். குதிரை தீனி எடுக்காமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றால், குட்டியை நினைத்து ஏங்குகிறது என்று விட்டுவிடுகிறார்கள். ஏக்கம் உண்மைதான். ஆனால் கருப்பைப் புண்ணும், உள்ளே ரத்தம் கசிவதும், வயிற்றுவலியும் வெளியே பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். முதல் ஒரு வாரம் காலையும் மாலையும் உடல் வெப்பத்தைப் பாருங்கள். 101.5 பாரன்ஹீட்டைத் தாண்டினாலும், ஈறு வெளுத்தாலும், நாற்றமடிக்கும் கசிவு வந்தாலும் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் குதிரையை எளிதில் தாக்கும். தடுப்பூசி போட வேண்டுமா என்பதையும் அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.

நம் மண்ணுக்கே உரிய இரண்டு சங்கதிகளையும் சொல்லிவிடுகிறேன். உப்பளத்தை ஒட்டிய ஊர்களில் கிணற்றுநீர் கரித்தால் குதிரை குடிப்பது குறையும், குடல் கட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரை வாளியில் வையுங்கள். தீவனத்தை மணல் தரையில் கொட்டினால் புல்லோடு மணலும் வயிற்றுக்குப் போகும். தொட்டியில் போடுங்கள்.

ஈன்ற பத்து நாளுக்குள் குதிரை மறுபடியும் பருவத்துக்கு வரும். துக்கம் ஆற உடனே சினைப்படுத்துங்கள் என்று யாராவது சொல்வார்கள். ஈனும்போது சிரமப்பட்டிருந்தாலோ கொடி தங்கியிருந்தாலோ அந்தப் பருவத்தை விட்டுவிட்டு, கருப்பையை ஸ்கேன் செய்து பார்த்தபின் அடுத்ததற்குப் போவதே சரி. மறுபடி சினைப்படுத்தும்போது இரட்டையையும் கவனிக்க வேண்டும். பசு இரட்டைக் கன்று போட்டால் தெருவே வந்து பார்க்கும். குதிரை வயிற்றில் இரட்டை என்றால் பெரும்பாலும் இரண்டுமே தங்காது. சினைப்படுத்திய இரண்டு வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் அதைக் கண்டுபிடிக்கலாம். ஹெர்பிஸ் வைரஸால் சினை கலைவதைத் தடுக்க சினையின் 5, 7, 9 ஆகிய மாதங்களில் ஊசி போடுவது வழக்கம். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறது.

இந்தக் கடற்கரையில் குதிரை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். குட்டியை இழந்த தாய் ஒரு பக்கம் இருக்க, வேறெங்கோ தாயை இழந்த குட்டி பாலுக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம். பிறந்த குட்டியின் குடல் சீம்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளை முதல் ஒரு நாள்தான் உறிஞ்சும். அதற்குப்பின் சீம்பாலைத் தேடி அலைந்து பயனில்லை. பொறுமையும் மருத்துவரின் துணையும் இருந்தால் அந்தக் குட்டியை இந்தத் தாய் ஏற்றுக்கொள்வதும் நடக்கிறது. ஆகவே பெண்குதிரை வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரின் எண்கள், குதிரை பார்க்கத் தெரிந்த மருத்துவரின் எண், புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் எண், அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி லாயத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். குதிரைகள் பெரும்பாலும் நள்ளிரவில்தான் ஈனும்.