ஒண்ணும் விசேஷமில்லை



ஞாயிறுதோறும் மயிலாடுதுறைக்குப் போன் செய்வேன். "என்ன பெரியம்மா விசேஷம்?" என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஒண்ணும் விசேஷமில்லைப்பா. மழைதான்." தீபாவளி மலர் வேலை முடிந்த கையோடு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, அந்த 'ஒண்ணுமில்லை' எப்படித்தான் இருக்கிறதென்று பார்க்கக் கிளம்பினேன்.

பெரியப்பா ரயில்வே பார்சல் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று 14 வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு வந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊர் திரும்பிவிட்டார்கள். நான் போனபோது மிச்சமிருந்தது அவர்கள் இருவரும், அரை டப்பா தீபாவளி மருந்தும், நமுத்துப்போன கொஞ்சம் முறுக்கும்.

ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று தனிப் பருவமாகவே வைத்தார்கள் நம் முன்னோர். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அந்த வாரம் அதில் பெரும்பங்கு எங்கள் முற்றத்திலேயே கொட்டியதுபோல இருந்தது. கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளாகியும் காயவில்லை. நனைந்து வந்த பேப்பரைப் பெரியப்பா பக்கம் பக்கமாகப் பிரித்து, ஃபேனுக்கடியில் உலர்த்திப் படித்தார். தூரத்தில் ரயில் ஹாரன் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்து, "சோழன் இன்னிக்கும் லேட்டு" என்றார். கேட்க யாருமில்லை என்று நினைத்தேன். அடுப்படியிலிருந்து, "எவ்வளவு நேரம்?" என்று குரல் வந்தது.

பெரியம்மாவுக்கு ஐப்பசி என்றால் காவிரி. முன்பெல்லாம் விடியுமுன் துலாக்கட்டத்தில் முழுகிவிட்டுத்தான் காபி. மூட்டுவலி வந்தபிறகு படியிறங்குவதில்லை. குடைபிடித்தபடி மேல்படியில் நிற்க, பெரியப்பா இறங்கிப்போய் ஒரு சொம்பு நீர் மொண்டு வருகிறார். அதைத் தலையில் தெளித்துக்கொண்டால் ஸ்நானம் ஆயிற்று. ஐப்பசிக் கடைசி நாளான கடைமுழுக்கு அன்றைக்காவது தானே இறங்கிவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம்.

புதன்கிழமை தபால்காரர் வந்தார். நவம்பர் அல்லவா? மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாங்கள் உயிரோடிருப்பதாகச் சான்று தரவேண்டிய மாதம். முன்பு வங்கியில் வரிசையில் நின்றார்கள். இப்போது தபால்காரரே போனும் ரேகைக் கருவியுமாக வீட்டுக்கு வந்துவிடுகிறார். பெரியப்பாவின் கட்டைவிரல் பதியவில்லை. துடைத்துப் பார்த்தார், மறுகை விரலை வைத்துப் பார்த்தார், ஊஹூம். மூட்டை மூட்டையாகப் பார்சல் புரட்டியதில் ரேகை தேய்ந்திருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். "பரவாயில்லை ஐயா, முகத்தைக் காட்டுங்க. கண்ணைச் சிமிட்டினாப் போதும்" என்றார் தபால்காரர். பெரியப்பா கேமராவைப் பார்த்து, பரீட்சை எழுதும் பையனைப்போலக் கண்ணைச் சிமிட்டினார்.

கதவோரம் நின்ற பெரியம்மா சொன்னார்: "48 வருஷத்துல என்னைப் பார்த்து ஒருநாள் கண்ணடிச்சதில்லை. பென்ஷன்னா மட்டும் வருது!"

தபால்காரர் சிரித்த சிரிப்பில் நனைந்த பை தோளிலிருந்து நழுவியது. அவருக்குச் சுக்குக் காபியும், வாணலியில் பிரட்டி மொறுமொறுப்பாக்கிய அந்த முறுக்கும் கிடைத்தன.

ஊர் திரும்பிய ஞாயிறன்று வழக்கம்போலப் போன் செய்தேன். வழக்கம்போல அதே பதில். ஆனால் இம்முறை நான் விடவில்லை. "சோழன் டயத்துக்கு வருதா? காவிரியில தண்ணி எத்தனை படி ஏறியிருக்கு? வேட்டி காஞ்சுதா?" என்று கேட்டேன். இருபது நிமிஷம் பேசினார் பெரியம்மா. 'ஒண்ணுமில்லை' என்று அவர் மறைத்ததில்லை. நாங்கள்தான் அதற்குமேல் கேட்டதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களும் வாழ்நாள் சான்று தரவேண்டிய மத்திய அரசு ஓய்வூதியர் என்றால், நவம்பர் முடிவதற்குள் கொடுத்துவிட்டார்களா என்று விசாரியுங்கள். 80 வயதைக் கடந்தவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்தே வசதி உண்டு. போன் செய்யும்போது "என்ன விசேஷம்?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். அங்கே மழை எப்படி என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்