அட்டை இருந்தால் போதுமா?

“ஐந்து லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு இருக்கிறது. நகரத்து ஏழைக்கு இனி மருத்துவச் செலவே இல்லை. விட்டுப்போனவர்களுக்கும் அட்டை கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.” இப்படிச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்த பிறகு, நகையை அடகு வைக்காமல் இதய அறுவை செய்துகொண்டவர்கள் ஏராளம். அதை மறுக்கவே முடியாது. மறுக்க வேண்டியது அந்த ‘செலவே இல்லை’ என்பதைத்தான்.

சில பரிசோதனைகள் நீங்கலாக, மருத்துவமனையில் படுத்தால்தான் அட்டைக்கு வேலை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சர்க்கரை, அவள் கணவனுக்கு ரத்த அழுத்தம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெருமுனை கிளினிக்கிலும் மருந்துக்கடையிலும் கைக்காசுதான் போகிறது. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு தொடங்கிய பிறகும், 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் சட்டைப்பையிலிருந்தே வந்தது.

வெளிநோயாளி சிகிச்சைக்கெல்லாம் காப்பீடு கட்டுப்படியாகாது என்கிறார்கள். 1952 முதல் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. அதைத்தானே செய்துவருகிறது? டிஸ்பென்சரியில் மருத்துவரைப் பார்க்கலாம், மாத்திரை வாங்கலாம். வேலைக்குப் போக முடியாத நாளுக்கு, தகுதியுள்ளவர்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கிறது. ஏழைக்கு நோயைவிடப் பெரிய அடி அந்தப் போன கூலிதான். தொழிற்சாலைத் தொழிலாளிக்குக் கட்டுப்படியானது சித்தாளுக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் மட்டும் எப்படி ஆகாமல் போகும்?

ஏழைகள் எல்லோரும் அட்டைக்குள் வந்துவிட்டார்கள் என்பதும் சரியல்ல. தமிழ்நாட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு 2022இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆனது. மாதத்துக்குப் பத்தாயிரம்! கணவனும் மனைவியும் கூலிக்குப் போகும் வீடு சென்னையில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். வாடகை கொடுத்த பிறகு அவர்கள் கையில் என்ன மிஞ்சும் என்று எந்த வருமானச் சான்றிதழும் கேட்பதில்லை.

பக்கத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறதே என்பார்கள். காலையில் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. இதை உணர்ந்துதான் 2023இல் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை அரசு திறந்தது. மாலை நான்கிலிருந்து எட்டுவரையும் பார்க்கிறார்கள். இது சரியான வழி.

அரசிடம் கேட்க வேண்டியவை இவை: வருமான வரம்பை நகரத்து வாடகைக்கு ஏற்ப உயர்த்துங்கள். வெளிநோயாளி மருந்தையும் போன கூலியையும் காப்பீட்டுக்குள் கொண்டுவாருங்கள். மாலை மையங்களில் மருத்துவரும் மாத்திரையும் ஒரு நாளும் இல்லாமல் போகாதபடி பணம் ஒதுக்குங்கள்.