ராகாபின் பொய்யும் நம் பொய்யும்



போன மாதம் ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தில் வரும் ராகாப் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எரிகோவை வேவு பார்க்க வந்த இஸ்ரவேலர் இருவரை அவள் மாடிக்குக் கூட்டிப்போய், அங்கே பரப்பியிருந்த சணல் தட்டைகளுக்குள் மறைத்துவைக்கிறாள். தேடி வந்த ராஜாவின் ஆட்களிடம், வாசல் அடைக்கும் நேரத்தில் அவர்கள் வெளியே போய்விட்டதாகச் சொல்லி, சீக்கிரம் துரத்தினால் பிடிக்கலாம் என்று அனுப்பியும் விடுகிறாள்.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கினான். "அய்யா, அது பொய்தானே? கர்த்தர் ஏன் அவளைத் திட்டலை?"

"நேரமாயிடுச்சு தம்பி, அடுத்த வாரம் பேசுவோம்" என்றேன். உண்மையில் இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அவன் கேள்வி பழைய கேள்விதான். சுமார் கி.பி. 395இல் திருச்சபைத் தந்தை அகஸ்டின் பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதினார். பொய்களை எட்டு வகையாகப் பிரித்து, சில பெரிது, சில சிறிது, ஆனாலும் எல்லாமே பாவம் என்றார். ராகாபைப் பற்றிப் பின்னாளில் எழுதியபோதும் அவர் இறங்கிவரவில்லை. கடவுள் மெச்சியது அவளுடைய இரக்கத்தை, பொய்யை அல்ல என்பது அவர் கணக்கு.

ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் வேறு பக்கமிருந்து பார்த்தார். ஹிட்லரின் ஆட்சி 1943இல் அவரைப் பெர்லின் டேகல் சிறையில் அடைத்தது. விசாரணையில் வாய் தவறினால், ஹிட்லரை எதிர்த்த அவருடைய கூட்டாளிகளின் உயிர் போகும். அங்கே உண்மை பேசுவது பற்றி எழுதத் தொடங்கிய கட்டுரையில் ஒரு வகுப்பறை வருகிறது. உன் அப்பா குடித்துவிட்டு வீட்டுக்கு வருவாராமே என்று எல்லார் முன்னாலும் ஆசிரியர் கேட்கிறார். அது உண்மைதான். பையன் இல்லை என்கிறான். அந்தப் பொய்யின் குற்றம், கேட்கக் கூடாததைக் கேட்ட ஆசிரியரையே சேரும் என்கிறார் போன்ஹோஃபர். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இரண்டு பெரியவர்களுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. ராகாப் பிடிபட்டிருந்தால் அவள் தலை போயிருக்கும். பிறர் கழுத்தைக் காக்கத் தன் கழுத்தைக் கொடுத்துச் சொன்ன பொய் அது. நாமோ நம் கழுத்தைக் காத்துக்கொள்ளப் பொய் சொல்லிவிட்டு, கேட்டால் ராகாபைச் சாட்சிக்கு இழுக்கிறோம்.

நமக்கு நெருங்கிய சொந்தம், அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் அனனியாதான். நிலத்தை விற்ற பணம் அவனுடையது. கொடு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பங்கை ஒளித்துவைத்துக்கொண்டு முழுவதையும் கொடுத்ததுபோல் அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தான். நல்ல பேருக்காகச் சொன்ன பொய் அது.

என் மேசையிலும் அனனியா உட்கார்ந்திருக்கிறான். நம் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பியவர் போனில் கேட்டால், "பரிசீலனையில் இருக்கு" என்பேன். உறை பிரிக்காமலே கிடக்கும். அவர் மனம் நோகக் கூடாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். நோகாமல் தப்பித்தது நான்தான்.

மறு ஞாயிறு அந்தப் பையனிடம், "போன வாரம் நேரம் இருந்தது தம்பி, எனக்குத்தான் பதில் தெரியலை" என்று சொல்லிவிட்டேன். இனி உங்கள் கட்டுரையைப் படிக்கவில்லையென்றால் படிக்கவில்லை என்றே பதில் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்