இரண்டு கணினிக்கு நடுவே ஒரு சிறு பெட்டி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில்தான் கல்பாக்கம் இருக்கிறது. அங்கே 1983-இல் இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், 500 மெகாவாட் ஈனுலை என நாட்டின் முக்கியமான அணுசக்தி நிறுவனங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தின் வடக்கே சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. ரகசியம் காக்க வேண்டிய கணினிகள் நிறைந்த இம்மாவட்டத்தில், மேசைமேல் கிடக்கும் கேவிஎம் ஸ்விட்ச் என்ற சிறு பெட்டியைப் பற்றிப் பேசியாக வேண்டும். பாதுகாப்பு மிகுந்த அலுவலகங்களில் ஒருவருக்கே இரண்டு கணினிகள் தருவது உலகெங்கும் உள்ள வழக்கம்: ஒன்றில் இணையம் உண்டு, மற்றொன்று அலுவலகத்தின் உள் வலையமைப்போடு சரி. இரண்டுக்கும் பொதுவாக ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரை வைத்துக்கொள்ள உதவுவது இந்தப் பெட்டி. ஓரிரு ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கும். வெவ்வேறு வலையமைப்பில் உள்ள கணினிகளுக்கு நடுவே சாதாரண கேவிஎம் ஸ்விட்சை வைக்க அரசு அலுவலகங்களும் அரசு நிறுவனங்களும் தடை விதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தைக் கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து தொடங்கலாம். 2019 அக்டோபர் 29 அன்று, தங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்தோடு தொடர்பில்லாமல் தனித்து இயங்குபவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை என்று கூடங்குளம் நிலையம் அறிவித்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தன் கணினியில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. சைபர் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே எச்சரித்திருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணைய வசதியுள்ள கணினி. முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் நிலையத்தின் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்றது கழகம். அந்த விளக்கம் முழுவதும் ‘பிரிக்கப்பட்டிருந்தது’ என்பதையே நம்பி நிற்கிறது. கேபிள் வரைபடத்தில் பிரிந்திருக்கும் இரண்டு வலையமைப்புகள் ஏதோ ஒரு மேசையில் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

பெட்டிக்குள் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். பல மாடல்களில் ஸ்க்ரோல் லாக் விசையை இரண்டு முறை தட்டினால் அடுத்த கணினிக்குத் தாவிவிடலாம். அந்த இரண்டு தட்டலை அடையாளம் காண வேண்டுமென்றால், நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பெட்டி படித்துக்கொண்டே இருக்க வேண்டும், கடவுச்சொல் உட்பட. அதாவது அதுவும் ஒரு குட்டிக் கணினி. அதற்குள்ளும் ஃபார்ம்வேர் என்ற இயக்க நிரல் உண்டு. அதை மாற்றி எழுத முடிந்தால், ஒரு கணினியிலிருந்து எடுத்ததை மற்றொன்றில் தானே தட்டச்சு செய்யவும் வைக்கலாம். 2015-இல் டெஃப் கான் ஹேக்கர் மாநாட்டில் செக் பாயின்ட் நிறுவன ஆய்வாளர்கள் இப்படித்தான் ஒரு கேவிஎம் பெட்டியைத் தங்கள் வசப்படுத்திக் காட்டினார்கள். இது போதாதென்று, மானிட்டர் தன் திரை அளவுகளைக் குறித்து வைத்திருக்கும் சிறு நினைவகத்தைப் பெட்டி இரு கணினிகளுக்கும் திறந்துவிட்டால் அதுவும் தகவல் கசியும் வழியாகிவிடும். பென் டிரைவ் செருகும் துளையும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்படி ஒரு தாக்குதல் இங்கே எங்கே நடந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இணையத்தையே தொடாத ஈரானின் நடான்ஸ் அணு மையத்துக்குள் ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் புகுந்தது 2010-இல் வெளிப்படும் வரை, அதையும் நடக்காத காரியம் என்றுதான் பலர் எண்ணியிருந்தார்கள். அணு உலை இருக்கும் ஊரில் முதல் சம்பவத்துக்காகக் காத்திருப்பது முறையல்ல. ஒரே அறையில் ஒரே வலையமைப்பில் இருக்கும் நான்கு சர்வர்களை ஒரு திரையிலிருந்து பார்ப்பவருக்கும், வீட்டில் இரண்டு லேப்டாப் வைத்திருப்பவருக்கும் சாதாரணப் பெட்டியே போதும். அவர்களை இந்தத் தடை தொடாது.

செலவு என்ற ஆட்சேபத்துக்கு இன்னும் எளிய பதில் உண்டு. பாதுகாப்பான கேவிஎம் என்றே ஒரு வகை இருக்கிறது. அதில் கீபோர்டிலிருந்து கணினிக்கு ஒரு திசையில் மட்டுமே தகவல் போகும். கீபோர்டு, மவுஸ் தவிர வேறெதைச் செருகினாலும் ஏற்காது. விசைக் குறுக்குவழி இல்லாமல் பட்டனை அழுத்தித்தான் மாற வேண்டும். பெட்டியைத் திறந்தால் தடயம் தெரியும். விலை பல மடங்கு அதிகம்தான். அதற்குப் பணமில்லையென்றால் ஒவ்வொரு கணினிக்கும் தனி கீபோர்டு, தனி மவுஸ், தனி மானிட்டர் வாங்கிவிடலாம். மேசையில் இடம் அடைக்கும், அவ்வளவுதான். இத்தகைய கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்க மத்திய அரசின் எஸ்டிகியூசி இருக்கிறது. காமன் கிரைடீரியா என்ற பன்னாட்டுப் பாதுகாப்புச் சான்றை வழங்கும் நாடாக 2013-லேயே இந்தியா ஏற்கப்பட்டுவிட்டது. அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் கேவிஎம் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும், இரு கணினிகளும் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவையா என்ற கேள்வியையும், இல்லையென்றால் சான்றிதழ் கட்டாயம் என்ற நிபந்தனையையும் சேர்த்தால் போதும். ஏற்கெனவே மேசைகளில் இருக்கும் பெட்டிகளைக் கணக்கெடுக்கும் வேலையைக் கல்பாக்கத்திலிருந்தே தொடங்கலாம்.