ஆயுள் கியாரண்டியும் நமது நாணயமும்

ஆரியசாலையிலிருந்து அங்கத்தினர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய குமாரர், தந்தைக்கென்று அங்கிருந்து ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கியனுப்பினாராம். வேட்டைக்குச் செல்வோருக்காகச் செய்யப்படும் வகை அது. பாதம் ரப்பர், மேற்பகுதி தோல். திருவனந்தபுரத்தின் பத்து மழைக்காலங்களை அது கண்டுவிட்டது. இப்போது அடி தேய்ந்து வழவழப்பாகி, கால் வழுக்குகிறது. "ஆயுள் கியாரண்டி உள்ள சரக்கு என்று மகன் சொல்கிறான். அடுத்த முறை வரும்போது அவனிடம் கொடுத்தனுப்பிப் புதியது பெற்றுக்கொள்ளலாமா? அந்த ஊரில் கடைக்காரர் ஒன்றும் கேட்பதில்லையாமே!" என்று வினவுகிறார்.

கேட்டது பூட்ஸைப் பற்றியாயினும், குக்கர், குடை, விளக்கு என்று நம் இல்லங்களிலுள்ள பல பொருள்களுக்கும் இக்கேள்வி பொருந்துவதால், இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

வேட்டைப் பொருள் நமக்கேன் என்று சிலர் நினைக்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் வேட்டை என்பது பொழுதுபோக்காக இல்லை. பயிரை அழிக்கும் காட்டுப் பன்றியைச் சுட அனுமதி பெற்றவர் போன்ற சிலரே விலக்கு. ஆனால் வேட்டைக்காரருக்காகப் பிறந்த பொருள்கள் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டன. அவர்களுடைய தூரதர்சினியைக் கொண்டு நம் பிள்ளைகள் தட்டேக்காட்டில் பறவை பார்க்கிறார்கள். அவர்களுடைய பூட்ஸும் முதுகுப்பையும் அகஸ்தியகூடம் ஏறுகின்றன. கடல் கடந்து வாழும் உறவினர் ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவருவனவற்றுள் மடக்குக் கத்தியும் டார்ச்சும் இன்றும் உண்டு. இவற்றுள் பலவும் ஆயுள் கியாரண்டி என்னும் சீட்டோடு வருகின்றன.

அச்சீட்டின் சரித்திரத்திலேயே நம் அன்பரின் கேள்விக்கு விடை இருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் லியான் லியான்வுட் பீன் என்றொருவர் இருந்தார். ஈரக் காட்டில் நடந்து கால் நனைந்து சலித்த வேட்டைப் பிரியர். ரப்பர் பாதத்தின்மீது தோலை வைத்துத் தைத்து ஒரு பூட்ஸ் செய்வித்தார். 1912ஆம் ஆண்டு, வெளியூரிலிருந்து வந்து வேட்டை லைசென்ஸ் பெற்றவர்களின் பட்டியலைத் தேடியெடுத்து, அவர்களுக்குத் தபால் மூலம் விளம்பரம் அனுப்பினார். திருப்தியில்லையேல் பணம் வாபஸ் என்பது வாக்குறுதி. முதலில் விற்ற நூறு ஜோடிகளில் தொண்ணூறு திரும்பி வந்தன! ரப்பரிலிருந்து தோல் பிய்ந்துவிட்டது. மனிதர் சாக்குச் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், கடன் வாங்கினார், பூட்ஸைத் திருத்திச் செய்தார். அந்த நாணயத்தின்மீதே எல்.எல்.பீன் என்னும் பெரும் கம்பெனி எழுந்தது.

வாங்கியவர் எப்போது வேண்டுமாயினும் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாடு அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கம்பெனி அதை நிறுத்தியது. இனி ஓராண்டுக்குள், ரசீதுடன் வந்தால்தான் திருப்பி எடுத்துக்கொள்வோம். அதற்குப் பின் பொருளிலோ வேலைப்பாட்டிலோ குறை இருந்தால் மட்டும் பரிசீலிப்போம் என்று அறிவித்தது. பழைய சாமான் விற்பனையில் சொற்பக் காசுக்கு வாங்கியதைக் கொண்டுவந்து புதியது கேட்டவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்காக உழைத்துத் தேய்ந்ததைத் திருப்பித் தந்தவர்களும் உண்டு. இவ்வாறு திரும்பிய சரக்கினால் ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் நஷ்டமென்று கம்பெனி கணக்குக் கூறியது. இதற்கு முன்பே, 2013ஆம் ஆண்டில், மலையேறுவோருக்கான சாமான்கள் விற்கும் ஆர்.இ.ஐ. என்னும் கூட்டுறவு நிறுவனமும் இதே காரணத்தால் ஓராண்டு வரம்பு விதித்திருந்தது.

இதில் நஷ்டமடைந்தது யார்? ஏமாற்றியவர் புதிய பூட்ஸை அணிந்துகொண்டு போய்விட்டார். ஒருமுறைகூடத் திருப்பிக் கொடுத்தறியாத நேர்மையான வாடிக்கையாளர்தான், தமக்கு என்றேனும் தேவைப்பட்டிருக்கக்கூடிய உரிமையை இழந்தார். கியாரண்டி என்பது கம்பெனி முதலாளி தம் சட்டைப்பையிலிருந்து கொடுக்கும் தானமன்று. விற்கும் ஒவ்வொரு ஜோடியின் விலையிலும் அதற்கென ஒரு பங்கு சேர்க்கப்படுகிறது. நம் குடும்பங்கள் நடத்தும் சீட்டுப் போன்றதே அது. முறையின்றி ஒருவர் எடுத்தால் மற்றவர் பணம் போகிறது. கம்பெனி பெரியதுதானே என்னும் சமாதானம் செல்லாது.

ஆகவே, எந்த ஆயுள், எந்தக் குறை என்ற இரண்டையும் சீட்டைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயுள் என்பது வாங்கியவரின் ஆயுளா, பொருளின் ஆயுளா? அமெரிக்க மத்திய வாணிபக் கமிஷன், ஆயுள் என்று விளம்பரம் செய்வோர் எதன் ஆயுள் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டுமென வழிகாட்டு விதி வகுத்திருக்கிறது. குறை விஷயத்திலும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு. விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்திக்கு உள்ள ஆயுள் உத்தரவாதம் எஃகிலும் செய்ந்நேர்த்தியிலும் உள்ள பழுதுக்கு மட்டுமே. சாதாரணத் தேய்மானமும் தவறான உபயோகமும் அதில் சேரா. தகர டப்பாவை நெம்பித் திறக்கப் போய் முனை ஒடிந்தால் அது நம் செயல். வார்டெக்ஸ் தூரதர்சினியோ, கை தவறி விழுந்து உடைந்தாலும், ரசீது இல்லாவிடினும், அடுத்தவரிடமிருந்து வாங்கியதாயினும் செப்பனிட்டுத் தரப்படும். தொலைந்தது, களவு போனது, வேண்டுமென்றே உடைத்தது ஆகியவற்றுக்கே விலக்கு. அங்கே விழுந்து உடைந்ததென்று உண்மையைச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. அவர்களே மனமறிந்து கொடுத்த வாக்கு அது.

நம் அன்பரின் பூட்ஸுக்கு வருவோம். ஆறு மாதத்தில் தோல் பிய்ந்திருந்தால் அது செய்தவர் குறை, தயங்காமல் திருப்பியனுப்பலாம். பத்து மழைக்காலம் நடந்து தேய்ந்த அடி, செய்தவர் குறையன்று. அது பூட்ஸ் செய்த சேவை. கடைக்காரர் கேள்வி கேட்பதில்லை என்பதனால் விடை மாறிவிடாது. பீன் கம்பெனி தன் பூட்ஸுகளுக்குக் கூலி பெற்றுக்கொண்டு புதிய அடி வைத்துத் தருகிறது. அவ்வகை வசதி தம் கம்பெனியில் உண்டா என்று மகனை விசாரிக்கச் சொல்லட்டும். இல்லையேல் நம் ஊரிலேயே நல்ல தொழிலாளியிடம் அடி மாற்றிக்கொள்ளட்டும்.

சாலைக் கடைவீதிக்கும் இது பொருந்தும். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் எழுந்த இக்கடைவீதியில் நம்மவர் கடைகள் எத்தனையோ உள்ளன. எல்.இ.டி. பல்பு விற்கும்போது கடைக்காரர் அதன் அடியில் விற்ற தேதியை மையால் எழுதித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தேதியை அழித்துவிட்டு வருவோர் உண்டென்பதை அக்கடைக்காரர்களே கூறுவர். அமெரிக்கக் கம்பெனியாயின் கோடியில் சில டாலர். இங்கோ, கம்பெனி ஏற்க மறுத்த பல்பு பெட்டியோடு திரும்பி வந்து கடைக்காரரின் அலமாரியிலேயே கிடக்கும், நஷ்டம் அவருடையது. ஒரே ஊர்க்காரர், பழகிய முகம் என்று தாட்சண்யத்தால் அவர் வாய் திறக்கமாட்டார். வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக் கோவிலில் எழுந்தருளியிருக்கும் நவராத்திரி நாட்களில் அவர் கடையில்தான் நாமும் பற்று வைத்துச் சாமான் வாங்குகிறோம்.

இதற்கு நேர்மாறான குறையும் நம் குடும்பங்களில் உண்டு. அதுவே அதிகமென்றுகூடச் சொல்லலாம். நியாயமாகக் கேட்க வேண்டியதையும் கேட்பதில்லை. "மொழி தெரியாத ஊரில் வம்பு எதற்கு" என்று, வாங்கிய மாதமே பழுதான மிக்ஸியைப் பரண்மீது ஏற்றிவிட்டு வேறு வாங்குகிறோம். இது பெருந்தன்மையன்று, மோசமான சரக்குச் செய்பவருக்கு நாம் கொடுக்கும் வெகுமதி. தொண்ணூறு ஜோடி திரும்பி வராமலிருந்தால் பீன் தம் பூட்ஸைத் திருத்தியிருக்கவே மாட்டார்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் நமக்கு நல்ல துணை. தக்க சோதனையின்றி ஒரு பொருள் இத்தனை காலம் உழைக்குமென்று உத்தரவாதம் கூறுவதும், நிறைவேற்றும் உத்தேசமின்றி மாற்றித் தருவதாக வாக்களிப்பதும், ரசீது தர மறுப்பதும் முறையற்ற வாணிபம் என்கிறது அது. வேலை மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்வோருக்கு முக்கியமான ஒரு வசதியும் உண்டு. பொருளைச் சென்னையிலோ மதுரையிலோ வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வழக்கெழும் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையாயின் புகாருக்குக் கட்டணமில்லை. அதற்கு முன்பு 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்க்கலாம்.

இவை அனைத்துக்கும் ரசீது வேண்டும். இக்காலத்துக் கடைகளில் இயந்திரம் கக்கும் வழவழப்பான ரசீதில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கி வெறுங் காகிதமாகிவிடும். வாங்கிய வாரமே ஒரு நகலெடுத்து, கியாரண்டிச் சீட்டில் கடையின் முத்திரையும் தேதியும் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் ரேஷன் கார்டு வைக்கும் அதே பெட்டியில் வையுங்கள். வீடு மாறும்போது மறக்காமல் எடுத்துச் செல்லும் பெட்டி அது ஒன்றுதான்.