25 வருஷத்துக்குக் கையெழுத்தா?

சுற்றிலும் மலை இருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு லீவு என்றாலே கடல்தான். டைம்ஷேர் பேச்சு வந்ததும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. "கிளப் மஹிந்திரா மாதிரி பெரிய நிறுவனம் என்றால் வருஷத்துக்கு 7 நாள், 25 வருஷம், கோவா கடற்கரை, மூணாறு என்று மாற்றி மாற்றிப் போகலாம்" என்கிறார் வீட்டுக்காரர். "கடலோரமாக ஒரு சின்ன ரிசார்ட் போதும், முகம் தெரிந்த ஆட்கள்" என்கிறார் அத்தை.

இரண்டிலும் நியாயம் உண்டு. பெரியதில், மே மாதம் அறைக்குப் போட்டி. சின்னதில், முதலாளி மாறினால் கவலை. போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எதிலும் உண்டு.

திராட்சைத் தோட்டக் குத்தகைப் பத்திரத்தையே நாலு பேரிடம் காட்டுகிறோம். பரிசுக் கூப்பனைக் காட்டி அழைத்தாலும், அன்றே கையெழுத்து வேண்டாம்; ஒப்பந்தத்தை வீட்டில் வைத்துப் படியுங்கள். பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.