விரைந்தோடும் ஆறும் வெட்டுண்ட பெயரும்

கனடாவின் புல்வெளி நிலத்தை ஊடறுத்து ஓர் ஆறு ஓடுகின்றது. நிலப்படங்களில் அதன் பெயர் சசுக்காச்சுவான். ஆங்கிலேயர் படைத்த பெயரன்று அது. அம்மண்ணின் மக்களாகிய கிரீ இனத்தார் வழங்கியது. 'கிசிசுக்காச்சிவனி சீப்பி' என்பது அவர்தம் முழுவழக்கு. விரைந்தோடும் ஆறு என்பது பொருள். மென்மயிர்த்தோல் வணிகத்திற்கு வந்த வெள்ளையர் வாயில் 'சீப்பி' என்னும் ஆற்றுச்சொல் உதிர்ந்தது. 'கி' என்னும் முதலெழுத்தும் வீழ்ந்தது. முதற்குறை என்று நம் இலக்கணத்தார் வகுப்பர். ஆனால் அது புலவன் யாப்பு நோக்கிச் செய்துகொள்ளும் குறை. இதுவோ பிறர்மொழியைச் செவிகொடுத்துக் கேளாதார் செய்த குறை!

வடகிளை பாறைமலைத் தொடரின் கொலம்பியாப் பனிவெளியில் தோன்றுகின்றது. வில்லாறும் முதியோன் ஆறும் கூடித் தென்கிளையாகின்றன. இருகிளையும் பிரின்சு ஆல்பர்ட்டு நகருக்குக் கிழக்கே ஒன்றாகி, வின்னிபெக்கு ஏரியில் விழுகின்றன. வில்லாற்றின் தலையிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 1,200 கல் தொலைவு. முதியோன் ஆற்றின் செய்தி நகைப்பிற்குரியது. கருங்காலர் என்னும் இனத்தாரின் வழக்கை மொழிபெயர்த்து, 'வயிற்றாறு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் முன்னர் அதனை அழைத்தனர். இலெத்துபிரிட்சு நகரத்தார்க்கு வயிறு என்னும் சொல் நாணந் தந்ததாம்! 1915இல் பெயரை மாற்றிவிட்டனர். உண்ணும்போது நாணினரோ, அறியோம்.

1905ஆம் ஆண்டு செட்டம்பர் முதல்நாள் புதுமாநிலம் ஒன்று அமைந்தபோது, அதற்கும் சசுக்காச்சுவான் என்றே பெயர் சூட்டினர். பழம்பெயரைப் போற்றினரே என்று பாராட்டுவார் உளர். எம்மால் அவ்வாறு மகிழ இயலவில்லை. அப்பெயரை ஈந்த மொழியைக் கிரீக் குழந்தைகள் பேசலாகாதென்று, அதே நடுவணரசின் உறைவிடப் பள்ளிகள் அவர்களை ஒறுத்தன. சொல்லை எடுத்துக்கொண்டு நாவை அடக்கினர்.

பின்னர் ஆற்றையும் அடக்கினர். 1967இல் தென்கிளையின் குறுக்கே கார்டினர் அணை கட்டி முடிக்கப்பெற்றது. வயலுக்கு நீரும் ஊருக்கு மின்னும் அதனாற் கிடைத்தன, மறுப்பதற்கில்லை. ஆயின், அணைக்குப் பின்னே ஏறத்தாழ 140 கல் நீண்டு தேங்கிய நீருக்கு, முன்னாள் தலைமையமைச்சர் தீபன்பேக்கரின் பெயரை இட்டனர். அங்கே கிரீ மொழியில் பெயரே கிடைக்கவில்லையா?

ஆறு வின்னிபெக்கு ஏரியை எட்டுமிடத்தில் முன்பு நீர் பாறைகளில் மோதி ஆர்த்தெழுந்து பாய்ந்தது. கிரீ மக்கள் அதனை 'மிசிப்பாவிசுட்டிக்கு', பெரும்பாய்ச்சல் என்றனர். ஆங்கிலத்தார் வைத்த பெயருக்கும் அதுவே பொருள். 1960களில் மின்னாக்க அணை எழவே, பாய்ச்சல் ஓய்ந்தது. அணைநீர் சூழ்ந்த செமாவாவின் ஊரின் கிரீ மக்கள் 1964இல் ஈசுட்டர்வில் என்னுமிடத்திற்குப் பெயர்த்துக் குடியேற்றப்பட்டனர்.

பாய்ச்சலருகே வாழ்ந்த கிரீ மக்களோ தங்கள் குமுகாயத்திற்கு இருந்த ஆங்கிலப் பெயரை நீக்கி, மிசிப்பாவிசுட்டிக்கு என்னும் பழம்பெயரையே மீட்டுச் சூட்டிக்கொண்டுள்ளனர். பெயர் மீண்டது, நீர் இன்னும் மின்னாக்க உருளைகளின் வழியேதான் போகின்றது.